பெருக்கினால் மட்டும் போதுமா?



பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு வடிகட்டுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கிலிருந்து வாளிக்கு வந்த பாலில் பட்டைத் துணுக்கும் சருகும் பூச்சியும் மிதக்கும். சல்லடையில் ஊற்றினால் பால் கீழே இறங்கும். குப்பை மேலே தங்கும். அதைப் போலவே ஒலிபெருக்கியும் நமக்குப் பழகிய பொருள்தான். கோயில் திருவிழாவில் ஒருவர் மெல்லப் பேசினாலும், கடைசி லயத்து வீடு வரைக்கும் அவர் குரல் கேட்கிறது.

வேண்டியதைப் பிரித்தெடுப்பது ஒரு வேலை. பிரித்ததைப் பெரிதாக்குவது இன்னொரு வேலை. இவ்விரண்டையும் மின்சாரத்தால் ஒருசேரச் செய்வதற்கு மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதையே இன்றைய பேச்சில் பார்க்கப் போகிறோம். இவை இரண்டும் இணையாமல் இருந்திருந்தால், நம் வீட்டு வானொலிப் பெட்டி வெறும் இரைச்சல் பெட்டியாகவே இருந்திருக்கும்.

முதலில் ஒரு கேள்வி. நம்மைச் சுற்றி எத்தனையோ நிலையங்களின் அலைகள் ஒரே நேரத்தில் பரவிக்கொண்டிருக்கின்றன. வானொலிப் பெட்டியின் ஏரியல் கம்பி அவை அனைத்தையும் வாங்கிக்கொள்கிறது. கம்பிக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. அப்படியானால், நாம் விரும்பிய ஒரு நிலையம் மட்டும் எப்படிக் கேட்கிறது?

ஒவ்வொரு நிலையத்தின் அலைக்கும் விநாடிக்கு இத்தனை முறை அதிர்வது என்று ஓர் எண் உண்டு. அதையே அதிர்வெண் என்கிறோம். சிங்கப்பூரின் தமிழ் நிலையமான ஒலி 96.8 என்பதன் பெயரிலேயே அந்த எண் இருக்கிறது. அதன் அலை விநாடிக்கு 9 கோடியே 68 லட்சம் முறை அதிர்கிறது. இந்த எண்ணை அடையாளமாகக் கொண்டுதான் ஓர் அலையை மற்றோர் அலையிலிருந்து பிரிக்கிறார்கள்.

பிரிக்கும் வழி ஊஞ்சலை ஒத்தது. ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் ஆடுவதற்குச் சொந்தமான ஒரு கால அளவு உண்டு. அந்த அளவுக்கு இசைந்து தள்ளினால், சிறு குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உயரப் போகும். இசையாமல் தள்ளினால் பெரியவர் தள்ளினாலும் தடுமாறி நின்றுவிடும். கம்பியைச் சுற்றிச் செய்த மின்சுருளையும், தகடுகளை எதிரெதிரே வைத்துச் செய்த மின்தேக்கியையும் சேர்த்துவிட்டால் அது ஒரு மின்சார ஊஞ்சல். தனக்குரிய அதிர்வெண் வரும்போது அது பலமாக ஆடும். மற்ற அலைகளுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. பெட்டியின் குமிழைத் திருப்புகிறோமே, அப்போது இந்த ஊஞ்சலின் கால அளவைத்தான் மாற்றுகிறோம்.

ஆனால் சாதாரண வடிகட்டிக்கு ஒரு குறை உண்டு. அது எதையும் கூட்டித் தராது. வேண்டிய அலையிலும் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத்தான் விடும். பெருக்கிக்கு வேறொரு குறை. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. திருவிழா மேடையில் பேசுகிறவர் பக்கத்தில் மின்சார எஞ்சின் ஓடினால், ஒலிபெருக்கி பேச்சையும் பெரிதாக்கும், எஞ்சின் சத்தத்தையும் பெரிதாக்கும். குமிழை எவ்வளவு திருப்பினாலும் பேச்சு தெளியாது. ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்றுதான் தீர்க்க வேண்டும்.

இதை மனிதன் உடனே கண்டுகொள்ளவில்லை. 1890களில் இத்தாலியரான மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அலைகளை உண்டாக்கியது மின்பொறி. இரு உலோக முனைகளுக்கிடையே பொறி பாயும். அதிலிருந்து அலை கிளம்பும். குளத்தில் பாறையைத் தூக்கிப் போட்டதைப்போல அந்த அலை பரந்த அளவில் எல்லா அதிர்வெண்களிலும் சிதறியது. இரண்டு நிலையங்கள் ஒரே வேளையில் பேசினால் இரண்டும் குழம்பின.

இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ், அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைந்திருக்க வேண்டும் என்று கூறி, அதற்கான காப்புரிமைக்கு 1897இல் விண்ணப்பித்தார். 1900இல் மார்க்கோனி, 7777 என்ற எண்ணால் புகழ்பெற்ற தமது காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார். அதுவும் இசைவைப் பற்றியதே. இவ்வாறு வடிகட்டும் கலை தொடங்கிவிட்டது. ஆயினும் அப்போது பெருக்கி கிடையாது. ஏரியலில் வந்து விழுந்த சக்தி எவ்வளவோ அவ்வளவுதான் காதுக்குக் கேட்கும்.

இந்தக் குறையின் விலை என்ன என்பதை உலகம் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி இரவு கண்டது. அன்றுதான் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது.

அந்தக் கப்பலில் தந்தி இயக்கியவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் ஜாக் பிலிப்ஸ், மற்றவர் ஹரோல்டு பிரைடு. பயணத்தின் இடையே கருவி பழுதாகிவிட, இருவரும் பல மணி நேரம் உழைத்து அதைச் சரிசெய்தனர். அதற்குள் பயணிகளின் சொந்தச் செய்திகள் மலைபோல் குவிந்துவிட்டன. அன்றிரவு பிலிப்ஸ், கனடா பக்கத்திலுள்ள கேப் ரேஸ் நிலையத்தோடு தொடர்புகொண்டு அவற்றை அனுப்பிக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து வந்த கேப் ரேஸின் ஒலி மிகவும் மெலிந்திருந்தது.

அவ்வேளையில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் அருகிலேயே பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுகொண்டிருந்தது. அதன் தந்தி இயக்குநரான சிரில் எவன்ஸ், நாங்கள் பனி சூழ நின்றுவிட்டோம் என்று டைட்டானிக்குக்குச் சொல்ல முற்பட்டார். மிக அருகிலிருந்து வந்த அந்தப் பொறி அலை பிலிப்ஸின் காதில் இடிபோல் விழுந்தது. மெலிந்த கேப் ரேஸ் ஒலியை மூடிவிட்டது. பிலிப்ஸ் எரிச்சலோடு, குறுக்கே வராதே, வேலையாக இருக்கிறேன் என்று தந்தியடித்தார். கலிஃபோர்னியனில் இருந்தவர் எவன்ஸ் ஒருவர்தான். அவருக்கு மாற்றாள் இல்லை. நாள் முழுவதும் வேலை செய்த அவர், இரவு 11.30 மணியளவில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

உதவி கேட்டு பிலிப்ஸ் அனுப்பிய அழைப்பைக் கார்பேத்தியா என்ற கப்பல் கேட்டு விரைந்து வந்து, படகுகளில் தவித்த 700க்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியது. சுமார் 1,500 பேர் மாண்டனர். கடைசி வரையில் அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்த பிலிப்ஸும் அவர்களில் ஒருவர்.

இக்கதையைச் சொல்லும் பலர் பிலிப்ஸின் மேல் பழியைப் போடுவதுண்டு. நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வேலைக்காரன்மேல் பழி போடுவது எளிது. அவன் கையில் என்ன கருவியைக் கொடுத்தார்கள், எத்தனை பேர் செய்யவேண்டிய வேலையை அவன் ஒருவன் செய்தான் என்று கேட்பதுதான் நியாயம். அன்று கப்பல்கள் பெரும்பாலும் இரண்டொரு அலைநீளங்களையே பகிர்ந்துகொண்டன. பொறி அலைகளோ பரந்து சிதறுபவை. மெலிந்த குரலைத் தூக்கிக் கொடுக்கப் பெருக்கி இல்லை. பக்கத்து இடியை விலக்கக் கூர்மையான வடிகட்டியும் இல்லை. அந்த நிலையில் எவருக்கும் அந்தத் தொல்லைதான் நேர்ந்திருக்கும்.

சட்டம் இயற்றியவர்களும் இதை உணர்ந்தனர். 1912 ஜூலையில் அமெரிக்கா, பயணிகள் கப்பல்களில் தந்தி இயக்குநர் இருவராவது இருக்க வேண்டும், இரவு பகல் எந்நேரமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று விதித்தது. ஆகஸ்டில் வந்த வானொலிச் சட்டம், அனுப்பும் நிலையங்களுக்கு உரிமம் வேண்டும் என்றும், அவற்றின் அலை சிதறாமல் கூர்மையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் வந்தது சரி. கருவி வர வேண்டாமா?

பெருக்கி ஏற்கெனவே பிறந்துவிட்டிருந்தது. அதன் அருமைதான் தெரியவில்லை. 1904இல் இங்கிலாந்தின் பிளெமிங், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் இரு முனைகளை வைத்து வால்வு ஒன்றைச் செய்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையை நுழைத்தார். அந்த வலைக்குக் கொடுக்கும் சிறிய மின்மாற்றம், குமிழுக்குள் ஓடும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. வாய்க்கால் மடையைச் சிறுவன் ஒருவன் ஏற்றி இறக்கினால் பெருவெள்ளம் கூடிக் குறைவதில்லையா, அதுபோல. 1912ஆம் ஆண்டையொட்டித்தான் அது நம்பகமான பெருக்கியாகும் என்பது தெளிவாயிற்று. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி அதன் உரிமையை வாங்கி, வால்வைச் சீர்செய்தது. 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு, கண்டத்தின் இரு கரைகளுக்கிடையே, தொலைபேசியில் பேச்சு சென்றது.

அதே 1915இல் வடிகட்டியும் முழு உருவம் பெற்றது. ஏடி அண்டு டியின் ஜார்ஜ் கேம்ப்பெலும், ஜெர்மனியின் கார்ல் வாக்னரும் தனித்தனியே இதைக் கண்டனர். ஒரே ஒரு மின்சார ஊஞ்சலுக்குப் பதிலாகச் சுருள்களையும் மின்தேக்கிகளையும் ஏணிப்படிபோல் வரிசையாகக் கோத்தார்கள். இந்த ஏணி, இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரையுள்ள அதிர்வுகளை விடும்; அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றைத் தடுக்கும். வீட்டுக்கு வாசல் வைத்ததுபோல் அலைகளுக்கும் வாசல் வைத்தார்கள்.

பெருக்கியும் வடிகட்டியும் கைகோத்த முதல் பெரிய வேலை தொலைபேசியில் நடந்தது. 1918இல் பால்டிமோர், பிட்ஸ்பர்க் நகரங்களுக்கிடையே ஒரே இணைக் கம்பியில், வழக்கமான பேச்சோடு மேலும் 4 பேச்சுகளை அனுப்பினார்கள். ஒவ்வொரு பேச்சையும் வெவ்வேறு உயர்ந்த அதிர்வெண்ணில் ஏற்றி, மறுமுனையில் வடிகட்டிகளால் பிரித்து, பெருக்கிகளால் தூக்கிக் கொடுத்தார்கள். புதிதாகக் கம்பம் நடாமல் கம்பியின் வேலை பல மடங்காயிற்று.

வானொலியில் இந்தக் கூட்டு எப்படி வந்தது? ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த அலெக்சாண்டர்சன் ஓர் எளிய கணக்கைக் காட்டினார். ஒரு வடிகட்டி, வேண்டிய அலையை வேண்டாத அலையைவிட 10 மடங்கு பலமாக விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் ஒரு பெருக்கி, மறுபடி ஒரு வடிகட்டி, மறுபடி ஒரு பெருக்கி என்று அடுக்கினால், இரண்டாம் படியில் வித்தியாசம் 100 மடங்கு. மூன்றாம் படியில் 1,000 மடங்கு. வடிகட்டி தின்றதைப் பெருக்கி ஈடுகட்டுகிறது. பெருக்கி கலந்து தருவதை அடுத்த வடிகட்டி பிரிக்கிறது. ஒன்றுக்கொன்று துணை.

இந்த வகைப் பெட்டிகள் 1920களில் அமெரிக்க வீடுகளுக்கு வந்தன. ஆனால் ஒரு சங்கடம். ஒவ்வொரு படிக்கும் ஒரு குமிழ். நிலையம் மாற்ற வேண்டுமானால் இரண்டு மூன்று குமிழ்களையும் ஒன்றாக இசைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் பெட்டி சீட்டியடிக்கும்.

இதற்கு விடை முதல் உலகப் போரின்போது கிடைத்தது. அமெரிக்கப் படையில் அதிகாரியாகப் பாரிசில் பணிபுரிந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் ஒரு வழி கண்டார். பிரான்சின் லூசியன் லெவியும் ஜெர்மனியின் வால்ட்டர் ஷாட்கியும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே எண்ணத்தை எட்டினார்கள். வழி இதுதான்: ஒவ்வொரு நிலையத்துக்கும் ஏற்ப வடிகட்டிகளை எல்லாம் மாற்றுவதற்குப் பதிலாக, எந்த நிலையத்தின் அலை வந்தாலும் அதை ஒரே குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மாற்றிவிடுவது. அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் மிக நன்றாக வடிகட்டியையும் பெருக்கியையும் அமைத்துவிட்டால் போதும்.

கணக்காகவே பார்ப்போம். அமெரிக்காவில் 1,000 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம் இருக்கிறது. பழைய பெட்டிகளில் கிலோசைக்கிள் என்று எழுதியிருப்பதும் இதுதான். பெட்டி தனக்குள்ளேயே 1,455 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கி, வந்த அலையோடு கலக்கிறது. இரண்டின் வித்தியாசம் 455. உள்ளே இருக்கும் வடிகட்டி 455ஐத்தான் விடும். பக்கத்து நிலையம் 1,010இல் இருந்தால் அதன் வித்தியாசம் 445, வாசலிலேயே நின்றுவிடும். 1,010ஐக் கேட்க விரும்பினால் குமிழைத் திருப்பி உள் அலையை 1,465 ஆக்குகிறோம். இப்போது அந்த நிலையம் 455 ஆகிவிடுகிறது. சல்லடையை மாற்றவில்லை, பாலைத்தான் சல்லடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறோம். 1924இல் இவ்வகைப் பெட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் செய்யப்பட்ட மத்திய அலைப் பெட்டிகளில் மிகப் பலவற்றில் இந்த 455 என்ற எண்ணே நிலைத்தது.

நம் தோட்டங்களில் பழைய டிரான்சிஸ்டர் பெட்டியின் பின்மூடியைத் திறந்து பார்த்தவர்கள் இருப்பீர்கள். உள்ளே சிறிய சதுரத் தகரக் கூடுகள் சில நிற்கும். அவற்றின் தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று நிறம் பூசிய திருகுகள் இருக்கும். அந்தக் கூடுகள்தான் 455க்கு இசைத்த வடிகட்டிகள். அவற்றுக்கு இடையில் நிற்கும் டிரான்சிஸ்டர்கள்தாம் பெருக்கிகள். திருகு தளர்ந்திருக்கிறது என்றெண்ணி யாராவது முறுக்கிவிட்டால், அதுவரை நன்றாகப் பாடிய பெட்டி மங்கிப்போகும். அது ஏன் என்பது இப்போது விளங்கும்: வாசல் இடம் மாறிவிட்டது.

இதற்கிடையே பெருக்கியே ஒரு தொல்லை கொடுத்தது. பல பேச்சுகள் ஒரே பெருக்கி வழியாகப் போகும்போது, அது அவற்றைச் சற்றுக் கலந்து, முன்பு இல்லாத புதிய அதிர்வுகளை உண்டாக்கியது. அப்படிக் கலந்துவிட்டதை எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. பாலில் தண்ணீர் கலந்த பிறகு சல்லடை என்ன செய்யும்? பெல் ஆய்வுக்கூடத்தின் ஹரோல்டு பிளாக் பல ஆண்டுகள் இதோடு போராடினார். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போகும்போது விடை தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை எழுதினார். பெருக்கியிலிருந்து வெளிவருவதில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே எதிர்ப்பக்கமாகக் கொடுத்துவிட்டால், பெருக்கி தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். பெருக்கத்தில் ஒரு பங்கை இழந்தாலும் தெளிவு கிடைக்கும். உரக்கப் பேசுவதைவிடத் தெளிவாகப் பேசுவது மேல் என்ற பாடத்தைக் கருவியும் கற்றுக்கொண்டது.

அடுத்த படி 1955இல் வந்தது. தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டப் பெரிய, கனத்த, விலைகூடிய மின்சுருள்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாலன், கீ என்ற இருவர், சுருளே இல்லாமல், மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் ஒரு பெருக்கியையும் மட்டும் கொண்டு வடிகட்டிகளை அமைக்கும் முறைகளைத் தொகுத்து வெளியிட்டனர். வெளிவருவதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் உத்தியே இங்கும் உதவியது. அதுவரை பெருக்கியும் வடிகட்டியும் அடுத்தடுத்து நின்றன. இப்போது பெருக்கியே வடிகட்டியின் உள்ளே புகுந்து, அதன் உறுப்பாகிவிட்டது. 1947இல் பிறந்த டிரான்சிஸ்டரும், பின்னர் பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கிய சுற்றுகளும் இதை விரல்நுனி அளவுக்குச் சுருக்கிவிட்டன.

இதனால் நமக்கு என்ன பயன்? மருத்துவமனையில் இதயத் துடிப்பை வரைந்து காட்டும் இ.சி.ஜி. கருவியை எண்ணிப் பாருங்கள். நெஞ்சின் மேல் கிடைக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அறையைச் சுற்றி ஓடும் மின்கம்பிகளோ விநாடிக்கு 50 முறை அதிர்ந்து, அதன்மேல் இரைச்சலைப் பூசுகின்றன. வெறும் பெருக்கி மட்டும் இருந்தால் மருத்துவர் காண்பது இதயத்தை அல்ல, மின்கம்பியின் இரைச்சலைத்தான். எனவே அங்கும் பெருக்கியோடு வடிகட்டி சேர்ந்தே நிற்கிறது.

காது மந்தமான நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்கும் இது தொடர்புடையது. வயதால் காது கெடும்போது பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகள்தாம் முதலில் மறைகின்றன. ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. அவர்களிடம் நாம் கத்துகிறோம். ஏன் கத்துகிறாய் என்று அவர்கள் கோபிக்கிறார்கள். கேட்கும் பகுதியையும் சேர்த்து நாம் பெரிதாக்கிவிடுவதே காரணம். எல்லா ஒலியையும் ஒரேயடியாகப் பெருக்கும் கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தலைவலிக்கிறது என்று கழற்றி வைத்தவர்கள் உண்டு. இக்காலக் கருவிகள் ஒலியைப் பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதி அவருக்குக் கேட்கவில்லையோ அதை மட்டும் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கின்றன. ஆகவே கடையில் கண்டதை வாங்காமல், முதலில் மருத்துவமனையில் காதைச் சோதித்து, எந்த அதிர்வுகள் கேட்கவில்லை என்று அறிந்துகொள்வது நல்லது.

இன்றைய கைத்தொலைபேசிக்குள்ளும் இந்தக் கூட்டணிதான் வேலை செய்கிறது. பல கோபுரங்களின் அலைகளுக்கு நடுவில் நம் பிள்ளையின் குரலை அது பிரித்தெடுத்துத் தருகிறது என்றால், லாட்ஜும் டி ஃபாரஸ்டும் கேம்ப்பெலும் ஆம்ஸ்ட்ராங்கும் பிளாக்கும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டிய படிகளில் ஏறித்தான் அந்தக் குரல் வருகிறது.

பள்ளியில் மின்சாரம் படிக்கும் பிள்ளைகள், சுருள், மின்தேக்கி என்பவற்றைத் தேர்வுக்கு மட்டும் உரிய சொற்களாக நினைக்க வேண்டாம். 1912இல் ஒரு கூர்மையான வடிகட்டியும் ஒரு நல்ல பெருக்கியும், இரவில் விழித்திருக்க இன்னுமோர் ஆளும் இருந்திருந்தால், அந்த இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று கேட்டிருக்கக்கூடும். கருவி செம்மையாக இருப்பதும், அதை இயக்குகிறவனுக்கு ஓய்வும் துணையும் இருப்பதும் சேர்ந்தால்தான் உயிர்கள் தப்பும். இதை உணர்ந்து படிக்கும் பிள்ளை நாளை இன்னொரு படியைக் கட்டக்கூடும்.